கருத்து எண் பதினேழு

ஜூன் 4

சாலைப் பிரிவு நிர்வாகப் பொறியாளர் அவர்களுக்கு,

நாற்சந்தியை அகலப்படுத்தும் திட்டத்தில் என் வீட்டுச் சுவரைக் காப்பாற்றித் தரும்படி நான் உங்களிடம் கேட்டுக்கொண்டதாக எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை அல்ல. நான் நேரில் கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்கவில்லை. என் மகள் மூலமாகவும் கேட்கவில்லை.

நீங்கள் என் மாப்பிள்ளை என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் இதை வீட்டுக்கு அனுப்பாமல் அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் நூலக வாசிப்பறையில் உங்கள் அலுவலகம் ஒரு வரைபடத்தை மாட்டி, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது. மூலையில் இருக்கும் என் வீட்டிலிருந்து இரண்டடி எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. சாலை விளிம்பிலிருந்து என் சுவர் ஏழடி தள்ளி இருப்பதாக வரைந்திருந்தார்கள். உண்மையில் மூன்றடிதான். என் கணவர் முப்பது வருடம் நில அளவையாளராக இருந்தவர். அவருடைய இரும்பு நாடா இன்னும் வீட்டில் இருக்கிறது. நானே அளந்தேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் எதிர்க்கடைத் தையல்காரி.

படிவத்தில் ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன், கருத்து இல்லை என்று மூன்று கட்டங்கள். எதிலும் நான் குறியிடவில்லை. சந்தி அகலமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. லாரி திரும்பும்போதெல்லாம் என் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆனால் தப்பான வரைபடத்தை ஆதரிக்கவும் முடியாது. ஆகவே கீழே எழுதினேன்: "எடுக்க வேண்டியது இரண்டடி அல்ல, ஆறடி. போர்டிகோவும் அதில் போகும். வரைபடத்தைத் திருத்தவும்." அதன் கீழே நான் எடுத்த அளவுகள். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் அறிக்கை வந்திருக்கிறது. "கருத்து எண் 17-ஐ ஏற்று, சாலையின் மையக்கோடு மேற்கே நகர்த்தப்படுகிறது. கிழக்கு மூலைக் கட்டடம் பாதிக்கப்படாது. மேற்கில் உள்ள தற்காலிகக் கொட்டகையின் முன்பகுதி ஆறடி அகற்றப்படும்."

பதினேழு நான். கொட்டகை என்பது தையல்காரியின் கடை. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, இரும்பு ஷட்டர், இருபத்திரண்டு வருடம். பத்தடி ஆழக் கடையில் ஆறடி போனால் மிச்சம் நாலடி. அவளுடைய வெட்டு மேசையே அதில் நுழையாது.

நேற்று தலையணை உறை தைக்கக் கொடுக்கப் போனேன். அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "அளக்கும்போது அந்தப் பக்கம் பிடிச்சவ நான்தாம்மா. எனக்கே அளந்து வச்சிட்டீங்களே" என்றாள். துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வரைபடத்தைத் திருத்தச் சொன்ன கருத்தை, சாலையை நகர்த்தச் சொன்னதாக மாற்றியது யார்? எழுத்தில் பதில் வேண்டும்.

கிழக்கு மூலை வீட்டு உரிமையாளர்

---

ஜூன் 9

அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு மட்டும் அல்ல, அலுவலகத்துக்கே கிடைத்தது. தபால் பிரிக்கும் எழுத்தர் அதைப் பிரித்து, உள்வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, பக்கத்து மேசைக்கும் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார். "சார், மாமியார்கிட்டேருந்து பெட்டிஷன்" என்று சொல்லும்போது அவர் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரியாமல் இல்லை. இனிமேல் தயவுசெய்து வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு நிரந்தரக் கட்டடத்தின் முன்பகுதி இடிபடும் என்றால், மாற்று வழி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் நடைமுறை. முதல் வரைபடத்தில் சுவர் மட்டும்தான் போகும் என்று நினைத்தோம். போர்டிகோவும் போகும் என்று நீங்கள் காட்டியதால் மாற்று வழி பார்த்தோம். மேற்குப் பக்கம் கள உதவியாளரின் பட்டியலில் "தற்காலிகக் கொட்டகை" என்று இருந்தது. அதன்படி முடிவெடுக்கப்பட்டது. இதில் உங்களுக்காகவோ யாருக்காகவோ சலுகை எதுவும் இல்லை.

ஊர் வாயை மூட முடியாது, அத்தை. நாலு நாள் பேசுவார்கள், பிறகு வேறு விஷயம் கிடைக்கும். தையல்கார அம்மாவுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள். எல்லாவற்றையும் நேரில் பேசிக்கொள்ளலாம். உங்கள் மகள் பாப்பாவும் உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறாள்.

உங்கள் மாப்பிள்ளை

---

ஜூன் 11

மாப்பிள்ளை அவர்களுக்கு,

என் கடிதம் பதிவேட்டில் ஏறியது எனக்கு மகிழ்ச்சி. இதையும் அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். எழுத்தருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சிரிப்பை அடக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வர மாட்டேன். உங்கள் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் மனைவி பரிமாற, நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவதற்குப் பெயர் பேச்சுவார்த்தை அல்ல. வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் காட்ட முடியாது.

கள உதவியாளரின் பட்டியல் என்கிறீர்கள். அவர் வந்த அன்று நான் வாசலில்தான் நின்றேன். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அந்தக் கடை வாசலில் பழைய போர்வையால் ஒரு படுதா தொங்கும், மதிய வெயிலுக்காக. படுதாவைப் பார்த்துவிட்டுக் கொட்டகை என்று எழுதியிருக்கிறார். இறங்கி நாலு எட்டு வைத்திருந்தால் சுவர் கையில் பட்டிருக்கும். ஐந்து புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். முன்புறம், பின்புறம், கூரை, ஷட்டர், சொத்து வரி ரசீது.

அது பட்டியலில் நேர்ந்த தவறு என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்டவர் யார்? நீங்கள். என் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறீர்கள்? போன வருடம் உங்கள் கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு எங்கே தைத்தீர்கள்? உங்கள் மனைவி எடுத்துக்கொண்டு போனாள், நீங்களும் கூடப் போனீர்கள், அந்தக் கடைக்குள் கண்ணாடி முன்னால் நின்றீர்கள். கொட்டகைக்குள்தான் நின்றீர்களா? சுவரில் சாயவில்லையா?

"வேறு இடம் பார்த்துக்கொள்ள அவகாசம்." எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். ஆறு பள்ளிகளின் சீருடை அவளிடம் வருகிறது. சந்தியில் இருப்பதால் வருகிறது. உள்தெருவில் போய் உட்கார்ந்தால் யார் தேடிப் போவார்கள்? ஐம்பத்தாறு வயதில் அவள் எங்கே போய்ப் புதிதாகப் பெயர் வாங்குவாள்?

மருந்துக் கடைக்காரர் நேற்று என் காதில் விழும்படியே சொன்னார்: "மாப்பிள்ளை பொறியாளரா இருந்தா மதில் சுவருக்குக்கூட யோகந்தான்யா." கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மாத்திரையை வாங்காமல் வந்துவிட்டேன். நாற்பத்தோரு வருடம் இந்தத் தெருவில் யாரும் என் முதுகுக்குப் பின்னால் சிரித்ததில்லை. இப்போது முகத்துக்கு நேராகவே சிரிக்கிறார்கள்.

உங்கள் அறிக்கையில் பதினோரு எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. தனித் தாளில் குறித்து அனுப்பியிருக்கிறேன். அவற்றையாவது உடனே திருத்தலாம்.

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கருத்து எண் 17

---

ஜூன் 16

அத்தை,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத் தாள் இல்லை, எண் இல்லை. கேள்விக்குப் பதில் வேண்டும் என்கிறீர்கள். தருகிறேன். பிறகு என்னைத் திட்டுங்கள்.

உங்கள் படிவம் என் மேசைக்கு வந்தபோது நான் திகைத்துப்போனேன். மற்றவர்கள் ஒரு வரி, இரண்டு வரி எழுதியிருந்தார்கள். நீங்கள் அரை அங்குலம் வரை அளவு போட்டு, போர்டிகோத் தூணின் விட்டம் வரை எழுதியிருந்தீர்கள். அதை வீட்டுக்கு எடுத்து வந்து பாப்பாவிடம் காட்டினேன். எடுத்து வந்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அவள் உடனே உங்களுக்குப் போன் செய்தாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "சொல்ல வேண்டியதைத் தாள்ல எழுதிட்டேன். உன் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியும்ல" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட "கார் அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆட்டோவில் போனீர்கள். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது தடவை எதையும் கேட்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவர் இவ்வளவு அளவு போட்டு எழுதியிருக்கிறார் என்றால், வாய்விட்டுக் கேட்க முடியாமல் இப்படிக் கேட்கிறார் என்று நினைத்தோம். பாப்பா அழுதாள். "எங்கம்மா கேக்கற விதமே இதுதான். அந்த வீட்டு வாசலை இடிச்சீங்கன்னா நான் அந்தப் பக்கம் எந்த முகத்தோட போவேன்" என்றாள்.

நான் கோட்டை நகர்த்தினேன். ஆமாம், கொட்டகை இல்லை என்று எனக்குத் தெரியும். பட்டியல் என் மேசைக்கு வந்தபோது அதைத் திருத்தாமல் விட்டேன். திருத்தியிருந்தால் நகர்த்தக் காரணம் இருந்திருக்காது.

உங்களுக்காகச் செய்தேன். ஒரே ஒரு தடவை உங்களுக்கு ஏதோ செய்ய முடிந்தது என்று நினைத்தேன். அதற்கு நீங்கள் பதிவுத் தபாலில், முத்திரையோடு, எழுத்தர் படிக்கும்படி என்னைச் சாணியில் முக்கி எடுக்கிறீர்கள். யாரையும் எதுவும் செய்யவிடாமல், ஒரு வார்த்தையும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்துகொண்டு, பிறகு புரிந்துகொள்ளவில்லை என்று அடிப்பது என்ன நியாயம்?

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். இது வெளியே போனால் என் வேலை போய்விடும்.

மாப்பிள்ளை

---

ஜூன் 18

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இந்த ஒரு கடிதத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறேன். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். என் அலமாரியில் இருக்கிறது.

நான் எதையாவது கேட்பதென்றால் கேட்பேன். "எனக்கு இது வேண்டும்" என்று தமிழில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் முதல் வரியிலேயே விஷயம் இல்லாவிட்டால் தாளைத் திருப்பி முகத்தில் எறிவார். நான் அளவு எழுதினால் அது அளவு. அதற்குள் கண்ணீரைத் தேடியது நீங்களும் உங்கள் மனைவியும்.

உங்கள் மனைவி நேற்று வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ யாருக்கும் எதுவும் தர மாட்டே, யாரு குடுத்தாலும் வாங்கவும் மாட்டே. உன்னோட எப்படித்தாம்மா வாழறது?" என்றாள். நான் "இப்போ என்னோட வாழறது நீ இல்லையே" என்றேன். காரில் ஏறிப் போய்விட்டாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன்.

ஆட்டோ விஷயம். கார் கேட்கவில்லை என்று உங்களுக்குப் பத்து வருடமாக மனத்தாங்கல் என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் அன்று வெளியூர் ஆய்வில் இருந்தீர்கள். கூப்பிட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்று தெரியும். அதனால் கூப்பிடவில்லை. அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்பாக இருக்கலாம்.

இன்னொன்றும் எழுதுகிறேன். உங்களிடம் உண்மையைக் கேட்டுக்கொண்டு நான் மட்டும் மறைக்கக் கூடாது. புதிய வரைபடத்தை முதலில் நூலகத்தில் பார்த்தபோது, கோடு என் வாசலைத் தொடாமல் போவதைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தூண் தப்பியது என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தேன். மறுநாள் தையல்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்க நானும் உங்கள் கட்சியில்தான் இருந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் வருகிறது.

எனக்காகச் செய்தீர்கள் என்றால் எனக்காகவே மாற்றுங்கள். கோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆறடியை என் பக்கம் எடுங்கள். இப்போது கேட்கிறேன். எந்த அளவும் இல்லாமல், வாய்விட்டு. எனக்கு இது வேண்டும்.

அத்தை

---

ஜூன் 24

அத்தை,

சுருக்கமாக எழுதுகிறேன். மேலதிகாரியிடம் பேசிப் பார்த்தேன். கருத்துக் கேட்பு முடிந்துவிட்டது. அறிக்கை வெளியான பிறகு வரும் கடிதம் எதையும் கருத்தாக எடுத்துக்கொள்ள விதி இல்லை, அது நீங்கள் எழுதினாலும் நூறு பேர் எழுதினாலும். "கொட்டகை" என்ற சொல்லைத் திருத்த நான் குறிப்பு எழுதினேன். அதனால் தையல்கார அம்மாவுக்கு இழப்பீடு வரும், கோடு மாறாது என்று சொல்லிவிட்டார்கள். பத்தாம் தேதி வரைபடம் இறுதிக் கையெழுத்துக்குப் போகிறது.

களத்தில் நிலைமை மாறியிருந்தால் மட்டும்தான் மறுஅளவீடு செய்ய விதியில் இடம் உண்டு. ஒரு கட்டடம் விழுந்துவிட்டது, ஒரு சுவர் இல்லாமல் போய்விட்டது, அந்த மாதிரி. அப்படி எதுவும் இங்கே இல்லை.

பாப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் ஒரு போன் செய்தால் நன்றாக இருக்கும்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். மன்னியுங்கள்.

மாப்பிள்ளை

---

ஜூலை 3

சாலைப் பிரிவு நிர்வாகப் பொறியாளர் அவர்களுக்கு,

என் வீட்டு மதில் சுவரையும் போர்டிகோவையும் இடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரியும் நாலு ஆட்களும் வந்தார்கள். புதன் மாலை வேலை முடிந்தது. சாலை விளிம்பிலிருந்து ஒன்பதடி வரை இப்போது வெறும் தரைதான். இரண்டு தூண்கள், மேல் தளம், இரும்புக் கதவு எதுவும் இல்லை. கதவை முன்னறையில் சாத்தி வைத்திருக்கிறேன். முன்னறைச் சுவரில் விரிசல் இல்லை. மேஸ்திரி இரண்டு தடவை பார்த்தார். அவர் முதலில் என்னை நம்பவில்லை. "அம்மா, நல்லாத்தானே நிக்குது, எதுக்கு இடிக்கணும்? வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தாக் கேட்டுக்கறேன்" என்றார். "எழுபத்து நாலு வயசு. இதுக்கு மேல பெரியவங்களை எங்கே போய்ப் பிடிக்கறது? ஆரம்பிங்க" என்றேன்.

களநிலை மாறினால் மறுஅளவீடு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாக்கியத்தைத் தெரிந்து எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. களநிலை மாறிவிட்டது. இடிப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த புகைப்படங்கள், மேஸ்திரியின் கையெழுத்து, ஆறடி நிலத்தைச் சாலைக்கு எடுத்துக்கொள்ள எனக்கு மறுப்பு இல்லை என்ற கடிதம் எல்லாம் இதோடு இருக்கின்றன. இது தானம் அல்ல. சட்டப்படி எனக்கு வர வேண்டியது வரட்டும்.

செவ்வாய்க்கிழமை உங்கள் மனைவி வந்தாள். கல் குவியலின் மேல் நின்றுகொண்டு, "அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டினதும்மா! உனக்கு என்ன பைத்தியமா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். பிறகு உள்ளே வந்தாள். முகம் கழுவினாள். மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் அவள்தான் காபி போட்டுக் கொடுத்தாள். என்னோடு பேசவில்லை. போகும்போது வாசல் இல்லாத வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

தையல்காரி வந்து நன்றி சொல்வாள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று நாளும் அவள் கடையை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஒரே ஒரு தடவை படுதாவை விலக்கிக்கொண்டு, "தூசி பூரா வெள்ளைச் சட்டை மேல படியுது. தண்ணி தெளிச்சு இடிக்கச் சொல்லுங்கம்மா! இதைக் கூடவா சொல்லணும்?" என்று சத்தம் போட்டாள். அவள் சொன்னது சரி. தண்ணீர் தெளிக்கச் சொன்னேன்.

மருந்துக் கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. அக்கறையும் இல்லை.

இனி சாலைக்கு என் பக்கம் ஆறடி இருக்கிறது. நடுவில் இடிபட எதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் செங்கல் சுவரோடு ஒரு கடை இருக்கிறது; உங்கள் குறிப்பிலேயே இப்போது அது கொட்டகை அல்ல. கோட்டைப் பழைய இடத்தில் வைக்க உங்கள் கையில் என்ன தடை மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தடை இருந்தால் அதன் பெயரை எழுதுங்கள்.

கருத்து எண் 17-இன் பெயரால் எதுவும் செய்யப்படக் கூடாது. அந்தக் கருத்தை நான் திரும்பப் பெறவில்லை. அது சொன்னதை மட்டும் அது சொன்னதாக அறிக்கையில் அச்சிட வேண்டும்.

மறுஅளவீட்டுக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் வருவார்கள் என்பதை ஜூலை பத்தாம் தேதிக்கு முன் எனக்குத் தெரிவிக்கவும். வருபவர் வண்டியை விட்டு இறங்க வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்பவும்.

கிழக்கு மூலை வீட்டு உரிமையாளர்